செம்போத்துச் சகுனம் செல்லுமா?

வெள்ளகோவில்,
8.6.1994

கோயமுத்தூர் சிங்காநல்லூர் திரு. மாசாணம் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஐயாசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், என் சம்சாரம் சின்னாத்தாள், மகள் செவ்வந்தி, ஆடுகள் உட்பட யாவரும் சுகம். தாங்களும் அவ்விதமே இருக்க வேண்டுகிறேன். சுகம் என்பது வழக்கத்துக்கு எழுதியது. உண்மையில் இங்கே ஒருத்தருக்கும் சுகமில்லை. காரணம் தங்கள் மகன் கதிர்.

போன ஞாயிறு தாங்கள் செவ்வந்தியைப் பெண் பார்க்க வந்தபோது, வேன் எங்கள் வேலியைத் தாண்டும் நேரம் ஒரு செம்போத்துப் பறவை குறுக்கே போனது. என் மச்சினன் நஞ்சுண்டன் துள்ளிக் குதித்தான். "மச்சான், சகுனம் அம்சமா அமைஞ்சுபோச்சுங்க!" என்றான். எங்கள் சொந்தத்தில் சகுன விஷயத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். அத்தோடு தங்கள் மகன் பஜ்ஜியைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். காலேஜில் இங்கிலீஷ் வாத்தியார், லீவு நாளில் குளம் குளமாகப் போய்ப் பறவை பார்ப்பவர், சும்மா இருப்பாரா? "ஏனுங்க மாமா, செம்போத்துக்கு வெள்ளைக்காரன் வெச்ச பேரு தெரியுங்களா?" என்று ஆரம்பித்தார். குரோ-பெசன்ட்டாம். காக்காய் பேரையும் சீமைக் காட்டுக்கோழி பேரையும் ஒட்டுப்போட்டது. ஆனால் அது காக்காயும் இல்லையாம், கோழியும் இல்லையாம். கப்பலை விட்டு இறங்கின புது வெள்ளைக்காரன் வாலைப் பார்த்துக் கோழியென்று சுட்டு, சமைத்து, வாயில் வைத்ததும் துப்பினானாம். சொல்லிவிட்டுக் கதிர் விழுந்து விழுந்து சிரித்தார். நஞ்சுண்டன் சிரிக்கவில்லை. "அப்ப குறுக்க போனது காக்காக் கணக்கா, கோழிக் கணக்கா மச்சான்? காக்கான்னா சகுனம் செல்லாதுங்களே!" என்று பிடித்தவன் இன்னும் விடவில்லை. இங்கிலீஷ்காரன் விசாரிக்காமலா பேர் வைப்பான் என்கிறான். விசாரிக்காமல்தானே வைத்திருக்கிறான்! வான்கோழிக்குத் துருக்கி தேசத்தின் பேராம், அது பிறந்ததோ அமெரிக்காவாம். என் பஸ்ஸில் இப்படி ஏறின ஊரை மாற்றி டிக்கெட் கிழித்திருந்தால் செக்கிங் இன்ஸ்பெக்டர் பையைப் பிடுங்கியிருப்பார்.

அதோடு போச்சா? அந்தியில் ஆட்டுப்பட்டியைச் சுற்றிப் பறந்த பக்கிக் குருவியைக் காட்டி, இதற்கு இங்கிலீஷில் ஆட்டுப்பால் உறிஞ்சி என்று ஒரு பழைய பேர், ஆட்டு மடியில் வாய் வைக்குமென்று சீமையில் நம்பினார்கள், ஆனால் அது தின்பது வெறும் பூச்சிதான் என்றார். சின்னாத்தாள் முன்பாதியைக் கேட்டுவிட்டு, பின்பாதிக்குக் காபி ஆற்றப் போய்விட்டாள். "அதுதான பார்த்தேன், கருப்பாடு ஏன் பால் குறைச்சுப்போட்டுதுன்னு!" என்று இப்போது பொழுது சாய்ந்தால் தட்டும் கரண்டியுமாகப் பட்டியில் நின்று அடிக்கிறாள். அந்தச் சத்தத்துக்கு மிரண்டு, கொடுத்துக்கொண்டிருந்த கொஞ்சப் பாலையும் ஆடு நிறுத்திப்போட்டுதுங்க. வீடே சிரிக்குது, நான் கடுங்காப்பி குடிக்கிறேனுங்க.

ஆகவே இந்தச் சம்பந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாமுங்க. எனக்கு ஒற்றை மகள். நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாலும் செல்லாத சகுனத்தில் கட்டிக்கொடுத்தான் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். அந்தப் பேச்சு அவள் காதில் விழக் கூடாது. வேறெந்த மனத்தாங்கலும் எனக்கில்லை. தங்கள் மகனுக்கு நல்ல இடம் அமைந்து, பிள்ளை குட்டிகளோடு நூறு வயது வாழ மாசாணியம்மன் துணை இருப்பாளாக.

இப்படிக்கு,
ஐயாசாமி

பின்குறிப்பு: தபாலில் போடச் சொல்லிச் செவ்வந்தியிடம் கொடுத்தேன். வாசலில் நின்று படித்துவிட்டுத் திரும்பி வந்தாள். "ஏனுங்கப்பா, இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் சமைப்பியா, பாடுவியான்னு கேட்டாங்க. இவரு ஒருத்தருதானுங்க, இந்தக் குருவிக்கு உங்க ஊர்ல என்ன பேருன்னு எங்கிட்டக் கேட்டாரு. நான் சொன்னதை ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தாரு. வெள்ளைக்காரனும் இப்படி உங்க ஊர்க்காரங்களைக் கேட்டிருந்தா இத்தனை குளறுபடி வந்திருக்காதுன்னாரு. எனக்கு அவரைப் புடிச்சிருக்குங்கப்பா" என்றாள். என் மகள் வாய் திறந்து ஒன்றைப் பிடிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதேயில்லைங்க. கண்ணுல தண்ணி வந்துபோச்சு. நஞ்சுண்டனை நான் பார்த்துக்கொள்கிறேன். மேலே எழுதியதை விட்டுவிட்டு இங்கிருந்து மட்டும் படித்து, தேதி குறிக்கச் சீக்கிரம் வாங்க, சம்பந்தி.