பஞ்சராகாத டயர்

கலைவாணனின் காரில் நாலு டயரும் நன்றாக இருந்தன. ஒரு வாரமாக அவருக்கு அதுதான் பிரச்சினை.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு தர்மனின் கார் வாசலிலேயே பஞ்சராகி நின்றது. தர்மன் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுப்பவர். ஆளைப் பார்த்தால் சாக்பீஸைவிடக் கனமான எதையும் தூக்கியிருக்க மாட்டார் போலிருக்கும். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டிவிட்டு எழுந்தபோது பன்னிரண்டே நிமிடம் ஆகியிருந்தது. வேட்டியில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. கலைவாணனின் மனைவி அகிலா உள்ளே ஓடிப்போய், காபி கலந்துகொண்டு வந்து தர்மனிடம் நீட்டினாள். அதுவும் புது டம்ளரில். அதே டம்ளரை ஒருநாள் கலைவாணன் எடுக்கப்போனபோது, "அது விருந்தாளிங்களுக்கு" என்று பிடுங்கி வைத்தவள் அவள்.

அன்றிலிருந்து வீட்டில் எதைத் தொட்டாலும் தர்மன்தான்.

"குழாய் ஒழுகுது."

"பிளம்பரக் கூப்பிடறேன்."

"தர்மன் சாரா இருந்தா தானே பாத்துக்குவாரு."

கலைவாணனுக்கு நெஞ்சு எரிந்தது. பிள்ளையார்பாளையத்துத் தறியில் நாலாயிரம் பட்டிழையை முடிச்சுப் போட்டுப் பாவு பிணைக்கிற கை அவருடையது. நாலஞ்சு நட்டைக் கழற்றுவது ஒரு வித்தையா? ஆனால் அதைக் காட்ட ஒரு டயராவது பஞ்சராக வேண்டுமே! கட்டட வேலை நடக்கிற தெருவாகப் பார்த்து ஓட்டினார். ஓர் ஆணிகூட ஏறவில்லை.

மறு ஞாயிறு வந்தது. வாலாஜாபாத்தில் அகிலாவின் அண்ணன் மகள் காயத்ரிக்கு நிச்சயதார்த்தம். பத்தரைக்குத் தட்டு மாற்றும்போது பெண் கட்டிக்கொள்ள வேண்டியது அத்தை வீட்டுப் புடவை. கலைவாணனே தறியில் உட்கார்ந்து நெய்த அரக்குப் பட்டு, பையில் தயாராக இருந்தது.

காலை ஏழரைக்குப் பட்டு வேட்டியும் சட்டையுமாக வெளியே வந்தவர், தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். குனிந்தார். முன்பக்க இடது டயரின் வால்வைக் குறடால் திருகினார். காற்று சீறியது. வால்வு அதோடு பறந்து சாக்கடைக்குள் விழுந்தது.

"அகிலா! சீக்கிரம் வா! டயர் பஞ்சர்!"

குரலில் பொங்கிய சந்தோஷத்தை அவரால் அடக்க முடியவில்லை.

"அய்யய்யோ, இன்னைக்குப் பாத்தா? டயர் கடை சாமுவேலுக்குப் போன் போடுங்க."

"கடை எதுக்கு? பன்னெண்டு நிமிஷம். நீ போய்க் காபி எடுத்துக்கினு வா. புது டம்ளர்ல."

முதலில் ஜாக்கியில் காரைத் தூக்கினார். பிறகு நட்டைத் திருகினார். நட்டு அசையவில்லை, சக்கரம்தான் அதோடு சுற்றியது. காரை இறக்கினார். ஸ்பேனர் மேல் ஏறி நின்றார். குதித்தார். நட்டு இளகியது. அவர் மல்லாந்து விழுந்தார். எழுந்து பார்த்தபோது வேட்டியின் ஜரிகைக் கரை முழம் நீளத்துக்குக் கிழிந்து ஸ்பேனரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அடி பட்டுடுச்சாங்க?"

"இப்படித்தான் கழட்டணும். நீ உள்ள போ."

எட்டரைக்குச் சக்கரம் கழன்றது. டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை எடுத்துக் கீழே போட்டார். நனைந்த மூட்டை மாதிரி தொப்பென்று படுத்துக்கொண்டது. கார் வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. ஸ்கூட்டருக்கு வாங்கிய கால் பம்பை வைத்து மிதித்தார். உள்ளே போன காற்று ஓரத்து வெடிப்பு வழியாக வெளியே வந்தது.

சரி, கழற்றிய டயரிலேயே காற்று அடித்து மாட்டிவிடலாம். டயரில் குறை ஒன்றும் இல்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வால்வுதான் இல்லை. அதற்கென்ன, வலது பக்கத்து டயரில் ஒன்று இருக்கிறதே! அதைத் திருகி எடுத்தார். குறடு பட்டு அது நசுங்கியது. வலது டயரும் உட்கார்ந்தது. கார் வலப்பக்கம் சாய்ந்தது. இடப்பக்கம் நின்ற ஜாக்கி வழுக்கிக்கொண்டு போக, கார் டமாரென்று தரையில் இறங்கியது.

சாமுவேலுக்குப் போன் போட்டார். சாமுவேல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"சார், இனிமே எதையும் தொடாதீங்க. கடையில ஆள் இல்ல, மத்தியானம் வர்றேன். பக்கத்துல யாராச்சும் பெரியவங்க இருந்தா போனக் குடுங்க."

கலைவாணனுக்கு வயது ஐம்பத்து மூன்று.

மணி ஒன்பதரை. முகூர்த்த நாள். ஊரில் ஒரு வாடகை வண்டி கிடைக்கவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு நின்ற அகிலாவின் கண் கலங்கியது.

"அந்தப் பொண்ணு நம்ம புடவைக்காகக் காத்துக்கினு இருக்கும். நான் தர்மன் சாரக் கேக்கறேன்."

"அவரு மட்டும் வேணாம்!"

அவள் அதற்குள் கதவைத் தட்டிவிட்டாள்.

தர்மன் வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கழன்று கிடந்த சக்கரத்தைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் போய் அந்தச் சக்கரத்தையும் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ரெண்டு பக்கமுமா அண்ணே?" என்றார் மெதுவாக. "ஒரே நேரத்துலயா?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது கலைவாணனுக்கு. கிண்டலைப் பார்!

தர்மனின் மனைவி கீர்த்தி முன் சீட்டில் உட்கார, இவர்கள் இருவரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். தர்மன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். கிழிந்த வேட்டியைப் பையால் மறைத்துக்கொண்டு கலைவாணன் அவர் பிடரியையே முறைத்தார். அகிலா ஜன்னல் பக்கம் திரும்பி, பாலாற்றைப் பார்ப்பவள் போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலாறு கண்ணில் பட இன்னும் வெகுதூரம் இருந்தது.

கலைவாணனால் பொறுக்க முடியவில்லை.

"வாத்தியாரே, சிரிக்கணும்னா வாய்விட்டுச் சிரிச்சுடுங்க. மனசுக்குள்ள சிரிக்காதீங்க."

காரின் வேகம் கூடியது. கீர்த்திதான் பின்னால் திரும்பினாள்.

"அவரு எங்கே சிரிப்பாருண்ணா? நீங்க நாலு சக்கரத்தையும் வீட்லயே ஒண்டியா கழட்டி மாட்டுவீங்கன்னு அகிலாக்கா சொன்னதுலேர்ந்து, ஒரு மாசமா யாருக்கும் தெரியாம பள்ளிக்கூடத்துப் பின்னாடி பழகிக்கினு இருக்காருண்ணா, உங்கள ஒரு தடவையாவது ஜெயிக்கணும்னு!"