உப்புக்கு நான் சொன்ன அர்த்தம்

விருத்தாசலம்,
வெள்ளிக்கிழமை

பெண்ணாடம் மச்சான் சுப்புராயன் அவர்களுக்கு, உலகநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். அங்கு நீங்களும் அக்காவும், முக்கியமாக உங்கள் தங்கை அமுதவள்ளியும் நலமாக இருப்பீர்கள்.

அமுதா உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. நான் ஏன் இன்னும் அழைத்துப்போக வரவில்லை என்று நீங்கள் நாலு பேரிடம் விசாரித்ததாகத் தகவல். என்னை ரோஷக்காரன் என்று நினைக்க வேண்டாம் மச்சான். காரணம் இலக்கியம். செராமிக் கம்பெனியில் சூளை பார்த்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நூலக மாடியில் வாசகர் வட்டத்துக்குப் போய்வருகிறேன் அல்லவா, அங்கே பழைய சிறுகதைகளைப் படித்து அர்த்தம் சொல்வோம். கதையில் மழை பெய்தால் மற்றவர்கள் குடையைத் தேடுவார்கள், நான் யார் அழுகிறார்கள் என்று தேடுவேன். இந்தப் பழக்கம் கொஞ்சம் வீட்டுக்கும் வந்துவிட்டது. போன சனிக்கிழமை அமுதா, "உப்பு தீந்து போச்சுங்க, ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க" என்றாள். உப்பு என்பது தாம்பத்தியத்தில் குறைந்துபோன ருசியைக் குறிக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்தபடி விளக்கினேன். அவள் ஒன்றும் பேசாமல் உப்பில்லாத ரசத்தை ஊற்றினாள். அந்த மௌனத்துக்கும் ஓர் அர்த்தம் சொன்னேன். "அர்த்தத்தப் போட்டே சாப்புடுங்க, நான் அண்ணன் வூட்டுக்குப் போறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் வட்டத்தில் எடுத்த கதை என்ன தெரியுமா? கோபித்துக்கொண்டு தாய்வீடு போகிறாள் ஒருத்தி. புருஷன் அழைக்கப் போகாமல் வாசல் விளக்கை ஏற்றிவைத்துக் காத்திருக்கிறான். அவ்வளவுதான் கதை. எல்லாரும் அவனை அழுத்தக்காரன் என்றார்கள். நான் எழுந்து, சூளை தானாக ஆறுவதற்குமுன் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் சாமானெல்லாம் விரிசல் விட்டுவிடும், காத்திருப்பதுதான் அவன் அன்பு என்று ஒரே போடாகப் போட்டேன். சந்திரலேகா டீச்சர் மட்டும், "சார், கதைய முழுசாப் படிச்சீங்களா?" என்றார். பதில் இல்லாதவர்கள் கேட்கிற கேள்வி. ஆகவே மச்சான், நான் வராமல் இருப்பதை அன்பு என்றே கொள்ளவும். நானும் வாசல் பல்பைப் பகலில்கூட அணைப்பதில்லை. உப்பில்லாமல் சாப்பிடப் பழகிவிட்டேன். வூடுதான் ரொம்பப் பெருசா இருக்குது, அதை இந்த விளக்கத்தோடு சேர்க்க வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். இந்த வருஷம் கரும்பு அரவை குறையில்லாமல் நடக்கட்டும். அமுதாவை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
உலகநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அந்தக் கதையின் ஜெராக்ஸ் கைதவறிக் கீழே விழுந்தது. தாளின் பின்பக்கமும் கதை இருக்கிறது மச்சான். அந்தப் பெண் போன நாளிலிருந்து பையைப் பிரிக்காமல் தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். இந்த நாலு வரியைப் பெண்ணாடம் பஸ்ஸில் எழுதுகிறேன், அதான் எழுத்து ஆடுகிறது. கடிதத்தை நானே கையில் கொடுத்துவிடுகிறேன். மடியில் ஒரு பாக்கெட் உப்பு இருக்கிறது. நான் சொன்னால் அமுதா நம்ப மாட்டாள், நீங்களே சொல்லிவிடுங்கள்: இது வெறும் உப்பு.