ஞாயிற்றுக்கிழமைக்கு வீடு இல்லை

காலடிப்பேட்டை,
திங்கட்கிழமை.

அண்ணன் மகள் ஜானட்டுக்கு அத்தை அடைக்கலமேரி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் சுகம். உன் சுகத்தை விசாரிப்பதுதான் முறை. நீ அனுப்பிய கணினிக் கோட் செய்த காரியத்தைச் சொல்லி முடித்துவிட்டு விசாரிக்கிறேன்.

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் அப்துல் வஹாப் என்று ஒருவர் இருக்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு படுத்திருக்கிறார். கிழமைக்கு ஒரு வீடு அவருக்கு மதியச் சாப்பாடு கொடுப்பது என்று முடிவாகி, கிழமை, வீடு, சமையல் என மூன்று பத்தியில், எல்லாரும் போனில் பார்க்கும்படி ஒரு கூகுள் ஷீட் போட்டேன். படித்தவள் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. சமைக்கத் தெரியாதவள் என்பதால் என் பெயர் அதில் விழவில்லை. செவ்வாய்க்குரிய மங்கை, வீட்டைக் காலி செய்துகொண்டு கொடுங்கையூருக்குப் போனாள். அவள் பெயரை அழித்தேன். ஒரு கட்டம் வெறுமையாக நின்றது. அதை உன்னிடம் சொல்லித் தொலைத்தேன். "ஏன் அத்தை கையால பண்றீங்க? காலியா இருக்கிற கட்டத்தைத் தானா எடுத்துடுற மாதிரி ஒரு கோட் அனுப்புறேன்" என்றாய். அனுப்பினாய், ஓடவிட்டேன். அது கட்டத்தை எடுத்தது. எடுத்த இடத்தை நிரப்பக் கீழிருந்த பெயர்களையெல்லாம் ஒரு படி மேலே ஏற்றியது. கிழமையும் சமையலும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு வீடு காலியானால் கதவைப் பூட்டுவார்கள், ஜானட். வீட்டையே உருவி எடுத்துவிட்டுக் கீழ்மாடிக்காரர்களை மேலே தூக்கி வைக்கமாட்டார்கள்.

இறால் தொக்குக்குப் பேர்போன சிலுவையம்மாள், புதனிலிருந்து செவ்வாய்க்கு ஏறி, ரசம் வைக்கப் பணிக்கப்பட்டாள். "கடலாண்ட பொறந்தவ கையால ரசமா? அந்த மன்சனுக்கு இன்னா ஜொரமா?" என்று மீன்கூடையோடு வந்து கத்தினாள். அவளுடைய தொக்கு, மலைக்கு மாலை போட்டிருக்கும் தண்டபாணியின் பெயருக்கு நேரே போய் நின்றது. அவர் கறுப்பு வேட்டியோடு வந்தார். "மேடம், மாலை போட்டுகினு கீறேன். எம்பேராண்ட எறா தொக்குன்னு கீது. அய்யப்பன் இன்னா நெனப்பாரு?" கணினிக்கு விரதம் தெரியாது என்றேன்.

இவை சிரித்துத் தள்ளக்கூடியவை. எல்லாரும் ஒரு படி ஏறியதில், பட்டியலின் அடியில் ஞாயிற்றுக்கிழமைக்கு வீடே இல்லாமல் போயிற்று. பூசைக்குப் போய் வந்து, பொழுது சாய்ந்த பிறகு எதற்கோ மாடி ஏறினேன். அந்த மனிதர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒரு குரல் கொடுத்தால் என்ன என்று சீறினேன். "போன்ல பாத்தேன் டீச்சர். ஞாயித்துக்கெழம யார் பேரும் இல்ல. பேரு இல்லாத நாள்ல யாராண்ட போயி சோறு கேக்குறது?" நான் பேராசிரியை என்று வழக்கமாகத் திருத்துவேன், அன்று திருத்தவில்லை. கீழே வந்து உப்புமா கிளறி எடுத்துப் போனேன். ஒரு வாய் வைத்தார். "இன்னா டீச்சர், ஆர்பர்ல எறக்குற சிமெண்ட்டு கூட இத்தினி கெட்டியா இருக்காது." தட்டைப் பிடுங்கப் போனேன், விடவில்லை. "நல்லா கீதுன்னா நீங்க நம்பமாட்டீங்கோ. அதான். இன்னும் கொஞ்சம் வைங்கோ."

அடுத்த ஞாயிறும் வீடு இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. முட்டிவலியோடு நான்தான் ஏறுகிறேன். எந்தக் கப்பல் எந்தச் சரக்கை இறக்கும் என்று அவர் சொல்வதையெல்லாம் அவர் உண்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது தொடரலாகாது. கட்டத்தை விட்டுவிட்டு, உள்ளிருப்பதை மட்டும் அழிக்கும் கோட் ஒன்றை உடனே அனுப்பு. பெயர்களை அவரவர் கிழமையில் திரும்ப உட்கார வை.

இப்போது விசாரிக்கிறேன்: சுகமா? வேளைக்குச் சாப்பிடு. உன் விரல்களுக்கு ஆண்டவர் நிதானத்தைத் தருவாராக.

அத்தை,
அடைக்கலமேரி.

பி.கு.: எதையும் அனுப்பாதே. தொக்கையும் ரசத்தையும் நானே கையால் மாற்றிவிட்டேன். ஷீட்டின் பழைய நிலை அதற்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. ஒரு பொத்தானை அமுக்கினால் திரும்பிவிடும் என்று மங்கையின் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ஜஸீமா முதல் ஞாயிறு இரவே காட்டினாள். "செவ்வாய்க்கு எம்பேர போட்டுக்கோங்க டீச்சர். ஞாயித்துக்கெழமைக்கும் ஆள் வந்துரும். அமுக்கட்டா?"

"விரலை எடு" என்றேன்.