முட்டை பிடிக்கும் பெட்டி இன்னொன்று வேண்டும்

போடிமெட்டு
14-10-1985

சிங்கப்பூரில் இருக்கும் அன்பு மாப்பிள்ளை ஒச்சப்பனுக்கு மச்சான் ராக்கையா எழுதிக்கொண்டது. நான் சுகம். உன் அக்காள் பொன்னுமணியின் சுகத்தை நீ அவளுக்கே தனியாக எழுதிக் கேட்டுக்கொள். அவள் இப்போது ராசிங்காபுரத்தில், உங்கள் வீட்டில் இருக்கிறாள்.

போன லீவில் வந்தபோது, "மலையில ரெண்டு பேரும் மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கீக, பொழுது போகட்டும்" என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதனால் வந்த வினை இது. கோழி முட்டை போடும், கூடைக்காரன் அதைக் கீழே விழாமல் பிடிக்க வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். உன் அக்காளுக்கு ஏலக்காய் தரம் பிரித்துப் பழகிய விரல், ஒரு முட்டையையும் தவறவிடுவதில்லை. நான் எடுத்தால் எடுத்த சுருக்கில் எல்லாம் உடைந்து ஆட்டம் முடிந்துவிடும். அதனால் அவள் தோளுக்கு மேலே நின்று "எடது பக்கம், எடது பக்கம்!" என்று கத்துவதே என் சோலியாகிவிட்டது. ஒருநாள் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் நாங்கள் இருவர்தான். ஒருவர் ஆடும்போது மற்றவர் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று பேச்சு. அவள் ஆடினாள், நான் கத்தினேன், தீயைப் பார்க்க ஆளில்லை. பச்சைப்பசேலென்று வர வேண்டிய காய் புளியங்கொட்டை நிறத்தில் வந்தது. "நீ வெளாடுனதாலதான் கருகுச்சு" என்றேன். "அடுப்பு ஒங்க மொறைதான? எந்தோளு மேல நிக்கச் சொன்னது யாரு?" என்றாள். கேள்வி நியாயமாக இருந்ததால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இனிமே அந்தப் பெட்டியோடயே குடும்பம் நடத்து" என்று சொல்லிவிட்டேன். அவள் மாற்றுச் சேலைகூட எடுக்கவில்லை. பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டாள்.

வீடு வெறிச்சென்று கிடக்கிறது மாப்ளே. சோறு நானே வடித்துக்கொள்கிறேன், குழைந்துவிட்டது என்று குறை சொல்லக்கூட ஆளில்லை. இந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் நாங்கள் சண்டை போட்டதே கிடையாது. யோசித்துப் பார்த்தால், பேசிக்கொண்டதும் குறைவுதான். ஆகவே தீர ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது அதே மாதிரி இன்னொரு பெட்டி வாங்கி வா. அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவரவர் மூலையில் அவரவர் முட்டையைப் பிடித்துக்கொள்கிறோம். எங்கள் குடும்பம் பிழைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கடல் தாண்டிப் போன பிள்ளையை நம் குலசாமி கைவிடாது. உன்னோடு தங்கியிருப்பவர்களையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மச்சான்
ராக்கையா

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரம் உன் அக்காள் ஜீப்பிலிருந்து இறங்கினாள். வந்ததும் பெட்டியை என் முன்னால் வைத்தாள். "பாட்டரி தீந்துபோச்சா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இருக்கு. அங்கன தோளு மேல நின்னு கத்த ஆளில்ல. முட்டையெல்லாம் ஒடஞ்சுபோகுது" என்றாள். பொங்கலுக்கு நீ வெறுங்கையோடு வா மாப்ளே. இன்னொரு பெட்டி வேண்டவே வேண்டாம்.