வரைபடத்தில் இல்லாத தண்ணீர்

வீடு வாங்குமுன் வீட்டைப் போய்ப் பார்ப்பது படிக்காதவர்களின் வழக்கம். படித்தவர்கள் வரைபடத்தைப் பார்ப்பார்கள். சந்திரமதி டீச்சர் மதராஸ் கல்லூரியில் படித்தவர். மலாக்காவில் பெண் பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் வாடகை அறைகளில் கழிந்துவிட்டது. கண் மூடுமுன் சொந்தக் கூரையின் கீழ் படுக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. சேமிப்பு ஒரு வீட்டுக்குத்தான் காணும். தப்பாக வாங்கினால் இன்னொன்று கிடையாது.

நாடு சுதந்திரம் அடைந்த மறுவருஷம், துரைமார் கப்பலேறிய சூட்டோடு, வெள்ளக் கணிப்புக் காரியாலயம் என்று ஒன்றைத் திறந்து, நகரம் முழுவதற்கும் வரைபடம் வெளியிட்டார்கள். அடர்நீலம் என்றால் அடிக்கடி வெள்ளம்; இளநீலம் என்றால் எப்போதாவது. காஜா பெராங் வட்டாரத்தில் ஒரே ஒரு தெரு மட்டும் சலவைக்குப் போட்டு எடுத்தது போல வெள்ளையாக இருந்தது. வெள்ளைக்கு என்ன அர்த்தம் என்று ஓரத்தில் போடவில்லை. நல்லதுக்கு விளக்கம் எதற்கு என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

அந்தத் தெருவில் பலகை வீடு ஒன்றை விற்க இருந்தவர் நல்லையா. துரதிர்ஷ்டவசமாக அவர் யோக்கியமான மனிதர்.

“டீச்சர், சொல்லாம வித்தா பாவம். மழைக் காலத்துல தண்ணி வரும். இந்தா பாருங்க, பலகையில கறை.”

“அது கறைதான், நல்லையா. ஆதாரம் ஆகாது.”

“போன வருஷம் இந்த நாற்காலி மெதந்துச்சு லா!”

“நாற்காலி மிதக்கலாம். வரைபடத்துல தெரு வெள்ளை.”

நல்லையா வரைபடத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், டீச்சரின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார். “அப்ப நான்தான் தப்பா நனைஞ்சிருப்பேன்” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு, குருபோங் பக்கம் மேடாகப் பார்த்துக் குடிபோனார்.

டீச்சர் வரைபடத்துக்குச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். ஜாதகம் பார்ப்பவர்களைக் கண்டு ஆயுள் முழுவதும் சிரித்தவர் அவர். இப்போது விடிந்ததும் அந்தப் படத்தில் விழிக்காமல் அவருக்குக் காப்பி இறங்குவதில்லை. சங்கதி பரவியது. ஊரில் பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையின் நட்சத்திரத்தோடு அவன் வீட்டு நிறத்தையும் விசாரிக்கத் தொடங்கினார்கள். “பையன் தங்கம்தான், ஆனா வீட்டுக்கு இளநீலம்” என்று கிளேபாங் சம்பந்தம் ஒன்று முறிந்தது. முறிந்ததற்கு டீச்சர் வருந்தினார். முறிந்த காரணம் விஞ்ஞானபூர்வமாக இருந்ததில் உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் பட்டார்.

மழை தொடங்கியது. பக்கத்து வீட்டு மீனாச்சி மலாக்கா செட்டிப் பெண். பேச்சு மலாய், கோயில் மட்டும் நம் கோயில். வருஷா வருஷம் போல மூட்டை கட்டிக்கொண்டு, பத்து பெரெண்டாமில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து அழைத்துவந்து வரைபடத்தின் முன்னால் நிறுத்தினார். மீனாச்சி கும்பிட்டாள். வீட்டுக்குப் போய் மூட்டையை அவிழ்த்தாள். அவளைப் பார்த்துத் தெருவே அவிழ்த்தது.

ஒரு பிற்பகல் அவள் வாசலில் வந்து, “சிக்கு, ஆயர் டா மாசோக்!” என்று அலறினாள். சிக்கு என்றால் மலாயில் டீச்சர்; தண்ணீர் உள்ளே வந்துவிட்டதாம். டீச்சர் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“இருக்காது” என்றார். அப்போது அவருடைய செருப்புகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அடுப்படியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. படம் இருக்கிற வீடாயிற்றே என்று தெருவே அங்கு வந்து, மேசைமேலும் கட்டில்மேலும் ஏறிக்கொண்டது. அந்த நேரத்தில் ஜன்னலோரமாக ஒரு சம்பான் படகு வந்து முட்டியது. அதில் கழுத்துப்பட்டையும் தொப்பியுமாக நின்றவர், வெள்ளக் கணிப்புக் காரியாலயத்தின் அதிகாரி திருவாளர் சேதுபதி.

“ஐயா, உங்க படத்துல எங்க தெரு வெள்ளை!” என்று டீச்சர் கத்தினார்.

“ஆமாம் அம்மா. வெள்ளை என்றால் அளக்காத இடம்.”

“ஏன் அளக்கலே?”

“அளக்கத்தான் ஒவ்வொரு மழைக்கும் வந்தோம். உள்ளே நுழைய முடியவில்லை. இடுப்பளவு தண்ணீர்.”

பூகோள வகுப்பில் விளக்கக் குறிப்பைப் படிக்காமல் பதில் சொன்ன பிள்ளையை டீச்சர் பெஞ்சுமேல் ஏறி நிற்கச் சொல்வார். இப்போது அவருக்கு அந்தச் சிரமம் இல்லை. ஏற்கெனவே மேசைமேல்தான் நின்றுகொண்டிருந்தார்.

“கவலை வேண்டாம்” என்றார் சேதுபதி, பேனாவைத் திறந்தபடி. “இன்று படகோடு வந்திருக்கிறேன். தங்கள் வாக்குமூலத்தின் பேரில் அடுத்த பதிப்பில் தெருவுக்கு அடர்நீலம் பூசிவிடுகிறேன். தண்ணீர் வந்தது உண்மைதானே?”

அடர்நீலம் என்றதும் தெருவாசிகள் மனக்கணக்குப் போட்டார்கள். அடர்நீல வீட்டை எவன் வாங்குவான்? அடர்நீலத்துப் பெண்ணை எவன் கட்டுவான்? வயசுக்கு வந்த மகளை வைத்திருந்த மீனாச்சி, டீச்சரின் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள்.

“சொல்லுங்கள் அம்மா. படித்தவர்கள் நீங்கள். நீங்கள் சொல்வதையே எழுதிக்கொள்கிறேன்.”

டீச்சர் குனிந்து பார்த்தார். அவருடைய சொந்த வீட்டில், அவருடைய சொந்தத் தலையணை மெதுவாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

“எந்தத் தண்ணீர்?” என்றார்.

“தண்ணியா? எங்க?” என்று மற்றவர்களும் முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டார்கள்.

பொதுமக்கள் வாக்குமூலத்தை மறுக்கச் சேதுபதிக்கு அதிகாரம் இல்லை. ‘நேரில் விசாரித்ததில் தெரு உலர்ந்த நிலையில் உள்ளது’ என்று எழுதி, தாள் நனையாதபடி தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் சம்பான் நகரவில்லை. ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது. உலர்ந்த தெருவாசிகள் எல்லோரும் இறங்கி, மார்பு நனைய நின்று தள்ளிவிட்டார்கள். டீச்சரும் ஒரு கை கொடுத்தார்.