ஜெபதாஸ் கேட்டு வாங்கிய ஐந்தாம் வார்த்தை

பெரிய வெள்ளிக்கிழமைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜெபதாஸின் தட்டில் கத்திரிக்காய்க் குழம்பை ஊற்றிக்கொண்டே ஜோஸ்லின் சொன்னாள்.

“இந்த வருஷம் அஞ்சாம் வார்த்தை எனக்குத்தான்.”

ஜெபதாஸ் உருட்டிய கவளம் பாதி வழியில் நின்றது.

படப்பைக்குப் பின்னால் புது மனைப்பிரிவில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்னக் கோயில் அவர்களுடையது. பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை அங்கே ஆராதனை. சிலுவையில் தொங்கிய இயேசு ஏழு முறை வாய் திறந்தார். அந்த ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் எழுந்து ஆளுக்குக் கால் மணி நேரம் விளக்கிப் பேசுவார்கள். ஐந்தாவது, தனக்குத் தாகமாக இருக்கிறது என்று அவர் சொன்னது.

மற்றவர்களுக்கு இது பக்தி. ஜெபதாஸுக்குப் பீதி. அதற்குக் காரணம் இருந்தது.

போன நவம்பரில் பெண்கள் கூட்டத்தில் ஜோஸ்லின் ‘பொறுமை’ என்ற தலைப்பில் பேசினாள். உதாரணத்துக்காக அவள் வெளியூர் எங்கும் போகவில்லை. ஜெபதாஸ் டி.வி. ரிமோட்டைக் காணவில்லை என்று வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தது, பக்கத்து வீட்டுப் பெரியவர்மேல் சந்தேகப்பட்டது, கடைசியில் ரிமோட் தன் லுங்கி மடிப்பிலிருந்தே கீழே விழுந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ஒரு மாசம் அவரால் ஷேர் ஆட்டோவில் ஏற முடியவில்லை. ஏறினால் “ரிமோட் பத்திரமா சார்?” என்று யாராவது கேட்டார்கள்.

ரிமோட்டாவது போகட்டும். இந்தத் தடவை விஷயம் தாகம். அங்கேதான் சிக்கல்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் அடிக்கும் கம்பெனி ஒன்றில், தகட்டை அழுத்தும் மெஷின் வரிசைக்கு, அதாவது பிரஸ் லைனுக்கு, அவர் சூப்பர்வைசர். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் வேலை செய்யும் பிள்ளைகள் நின்று கதை பேசுகிறார்கள் என்று, பிப்ரவரி மாதம் லைனுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் கேனைத் தூக்கி ஷெட்டின் மறுகோடியில், ஸ்டோர் ரூம் வாசலில் வைத்துவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் அவரைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். கேட்டால் அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அதைப் பார்த்ததுமே முக்கால்வாசிப் பேருக்குத் தாகம் அடங்கிவிடும். நாளைக்கு நாற்பது பீஸ் கூடியது. மேனேஜர் தோளில் தட்டினார்.

மார்ச் கடைசி வாரம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்யும் இசக்கிசெல்வி மெஷினுக்கு முன்னால் மயங்கி விழுந்தாள். நல்லவேளை, கை மெஷினுக்குள் இல்லை. ஜெபதாஸ் ரிஜிஸ்டரில் எழுதினார்: காலை உணவு சாப்பிடவில்லை.

இதெல்லாம் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாதது ஜோஸ்லினுக்குத் தெரியாது என்று இல்லை. பதினாலு வருஷ அனுபவம்.

“உனுக்குத் தொண்டை சரியில்லயே,” என்று ஆரம்பித்தார்.

“என் தொண்டைக்கு இன்னா? காலைல டீ குடிக்க உங்களைக் கூப்புட்டேன், அடுத்த தெருவுலேர்ந்து ரெண்டு பேர் இன்னான்னு கேட்டுகினு வந்தாங்க.”

“சரி. இன்னா பேசப் போற?”

“தாகத்தைப் பத்தி.”

“அது தெரியும். உதாரணம் இன்னா சொல்லப் போற?”

“நம்ம வூட்டுல உதாரணத்துக்கா பஞ்சம்? நீங்க சாப்புடுங்க.”

அவர் சாப்பிடவில்லை. யோசித்தார். அந்தக் கோயிலுக்கு அவருடைய லைனிலிருந்து மட்டும் ஐந்து பேர் வருகிறார்கள். ஜோஸ்லின் மைக்கைப் பிடித்து, கேன் கதையை எடுத்து, ‘என் வூட்டுக்காரர்’ என்று ஆரம்பித்தால் திங்கட்கிழமை லைனில் அவர் எந்த முகத்தோடு போய் நிற்பது?

அன்று முழுக்க யோசித்து, மறுநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் யூனிஃபார்மோடேயே பாஸ்டர் வீட்டுக்குப் போனார். பாஸ்டர் ஜெபர்சன் போன வருஷம்தான் இந்தச் சபைக்கு வந்தவர். வயது முப்பதுகூட இருக்காது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் செருப்பைத் தேடுகிற மனிதர் தன் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்து அவர் எழுந்தேவிட்டார்.

“பாஸ்டர், அஞ்சாம் வார்த்தைய நான் பேசறேன்.”

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “நீங்களா சார்?”

“ஆமா. மனசுல ஒரு ஏவுதல்.”

“எப்பலேர்ந்து?”

“நேத்து மத்தியானம் சாப்புடறப்ப வந்துது. ஜோஸ்லின்கிட்ட நானே சொல்லிக்கறேன். குடும்பத் தலைவன் பேசினா ஒரு மரியாதையா இருக்கும் பாருங்க.”

பாஸ்டர் வேறொன்றும் கேட்கவில்லை. ஜெபதாஸின் தலையில் கை வைத்து நீளமாக ஜெபம் செய்தார். ஜெபதாஸ் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்துச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். ஜோஸ்லின் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“கர்த்தரே உங்கள ஏவிட்டார்னா, நடுவுல நிக்க நான் யாரு?” என்றாள். அவ்வளவுதான்.

அன்று ஒருநாள்தான் அவர் நிம்மதியாகத் தூங்கினார். வீட்டில் ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்காத மனிதர், கோயிலில் ஒரு வார்த்தைக்குக் கால் மணி நேரம் பேச வேண்டும். மறுநாள் ஒரு நோட்டு வாங்கி, தலைப்பு எழுதி, அடிக்கோடு போட்டார். அதன் கீழே, ‘தாகம் என்பது தண்ணீர் குடிக்காததால் வருவது’ என்று எழுதினார். படித்துப் பார்த்தார். விஷயம் தீர்ந்துபோயிருந்தது. இன்னும் பதினாலே முக்கால் நிமிஷம் பாக்கி இருந்தது.

ஒன்பது நாளில் அந்த நோட்டில் இன்னொரு அரை வரி சேர்ந்தது. பெரிய வியாழன் ராத்திரி சாப்பாட்டின்போது அவர் மானத்தை விட்டார்.

“ஜோஸ்லின், நீ ரெண்டு பக்கம் எழுதிக் குடு. நான் பார்த்துப் படிச்சிடறேன்.”

“நானா? ஏவுனவரையே கேளுங்க.”

“கேட்டுட்டேன். அவரு ஒண்ணும் சொல்லமாட்டேங்கறாரு.”

அவள் மோரை அவர் பக்கம் நகர்த்தினாள். “சரி,” என்றாள்.

காலையில் நான்காக மடித்த ஒரு தாளை அவர் சட்டைப் பையில் வைத்தாள். “அங்க போய் நின்னதுக்கு அப்பறம் பிரிங்க. இப்பவே படிச்சீங்கன்னா பயந்து போய் மறந்துடுவீங்க.” அது அவருக்கு நியாயமாகவே பட்டது.

ஏப்ரல் வெயில். கோயில் நிரம்பி வழிந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், வெளியே பந்தலிலும் ஆட்கள். பீடத்துக்குப் பின்னால் பெரிய மரச்சிலுவை. அதன் கைகளில் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். கூரை காய்ந்து அவ்வப்போது படபடவென்று சத்தம் கொடுத்தது. உபவாச நாள் என்பதால் காலையிலிருந்து யாரும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை, சிலர் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. நான்காம் வார்த்தை முடிந்து பாட்டும் முடிந்தது. பாஸ்டர் தலையசைத்தார்.

ஜெபதாஸ் போய் மைக்குக்கு முன்னால் நின்றார். நூற்றைம்பது முகங்கள். அவருடைய லைன் ஆட்கள் ஐந்து பேரும் நான்காவது பெஞ்சில் வரிசையாக இருந்தார்கள்.

“எல்லாரும் வந்துட்டீங்களா?” என்று கேட்டுவிட்டார். ஷிப்ட் ஆரம்பத்தில் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

தாளை எடுத்துப் பிரித்தார். இரண்டு பக்கம் இல்லை. மூன்று வரி. ஜோஸ்லினின் உருண்டைக் கையெழுத்து.

‘தாகம்னா என்னன்னு இசக்கிசெல்விக்குத் தெரியும். பொம்பளைங்க பக்கம் மூணாவது வரிசையில உக்காந்திருக்கா. மீதி உங்களுக்குத்தான் தெரியும்.’

அவர் நிமிர்ந்தார். மூன்றாவது வரிசையில், ஜோஸ்லினுக்குப் பக்கத்தில், நெற்றியில் சின்னப் பொட்டோடு, பச்சைத் தாவணியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோயில் அவளுக்குப் புதுசு என்பதால் சுவரையும் துணி போட்ட சிலுவையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் லைனில் நிற்பதுபோல் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

அந்த நிமிர்தல்தான் அவரை என்னவோ செய்தது. விடுமுறை நாளில், கடவுள் சந்நிதியில், அந்தப் பெண் தன்னைக் கண்டதும் பயந்து நிமிர்கிறாள். அவருக்குப் பின்னால் அந்தச் சிலுவை நின்றது. சிறு வயதிலிருந்து எத்தனையோ பெரிய வெள்ளி பார்த்தவர். அது தன் முதுகுக்குப் பின்னால் இவ்வளவு உயரமாக நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. முன்பெல்லாம் அவர் கடைசி பெஞ்சில் அல்லவா இருப்பார்.

“நான்...” என்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்திருப்பதற்கு முன் ஒரு வாய்த் தண்ணீர் குடித்திருக்கலாம் என்று தோன்றியது. யாரைக் கேட்பது?

“நான் பிரஸ் லைன் சூப்பர்வைசர்,” என்று ஆரம்பித்தார். “எங்க லைன் பக்கத்துல ஒரு தண்ணி கேன் இருந்துது. அத நான்தான் எடுத்து தூரமா வெச்சேன். நாப்பது பீஸ் அதிகமா வரும்னு வெச்சேன். வந்துது. ஒரு பொண்ணு மயங்கி வுழுந்துது. அது சாப்புடலன்னு எழுதினேன். அது பொய். அது ரெண்டு தடவை என்கிட்ட வந்து தண்ணி கேட்டுது. நான் வாட்சைப் பார்த்தேன்.”

விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றுபோயின. கூரைகூடச் சத்தம் போடவில்லை.

“சிலுவையில தொங்கினவரு தாகமா கீதுன்னு சொன்னாரு. நான் அங்க இருந்திருந்தா...” அவர் நிறுத்தினார். “நான் அங்க இருந்திருந்தா அவரு கேட்டப்பவும் வாட்சைத்தான் பார்த்திருப்பேன்.”

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. கால் மணி நேரத்தில் மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. மைக்கைப் பிடித்தபடி நின்றார். யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. பின்வரிசையில் யாரோ மெதுவாக முழங்கால் போட்டார்கள். அடுத்தவர், அடுத்தவர் என்று பெஞ்சுகள் நகரும் சத்தம் மழை நெருங்குவதுபோல முன்னால் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோயில் முழுக்க முழங்காலில் இருந்தது. அத்தனை பேர் சேர்ந்து மௌனமாக இருப்பதை ஜெபதாஸ் அதுவரை கேட்டதில்லை. அவரும் இருந்த இடத்திலேயே முழங்கால் போட்டார். பாட்டு எப்போது ஆரம்பித்தது, ஆறாம் வார்த்தையை யார் பேசினார்கள் என்று பிறகு கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு வெளியே பந்தலில் கஞ்சி ஊற்றினார்கள். சாதாரணமாக அவர் அதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். இன்று அவரே கரண்டியைப் பிடித்து நின்றார். வரிசையில் இசக்கிசெல்வி வந்தாள்.

“சார், திங்கக்கெழம கேன் பழைய எடத்துக்கு வந்துருமா?”

“வந்துடும்மா. நானே தூக்கி வெக்கறேன்.”

“கேக்காம குடிக்கலாமா?”

“கேக்காம குடிக்கலாம்.”

“அப்ப சரி சார். கொஞ்சம் தொவையலும் வைங்க,” என்று தட்டை நீட்டினாள்.

கூட்டம் குறைந்ததும் ஜோஸ்லினைத் தனியாகப் பிடித்தார். கோபப்பட வேண்டும் என்றுதான் போனார். வரவில்லை.

“உனுக்கு யார் சொன்னது?”

“அந்தப் பொண்ணு நம்ம பின்னாடித் தெருவுலதான் ரூம் எடுத்துகினு கீது. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு அது கூட யார் போனதுன்னு நெனச்சீங்க?”

அவர் அவளைப் பார்த்தார். பதினாலு வருஷமாகப் பார்க்கிற முகம்தான். இன்று ஏனோ கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும்போல இருந்தது.

“என்கிட்ட வூட்டுலயே சொல்லியிருக்கலாமே.”

“வூட்டுல சொன்னா ப்ரொடக்ஷன்னு சொல்வீங்க. கோயில்ல பேசக் கூப்புட்டா ஓவர்டைம்னு சொல்லி ஓடியிருப்பீங்க. கர்த்தர் முன்னாடி நிக்க வெச்சாதான் உங்களால அந்தச் சாக்கையெல்லாம் சொல்ல முடியாது.”

“அதுக்காக உன் அஞ்சாம் வார்த்தைய வுட்டுக் குடுத்தியா?”

ஜோஸ்லின் கஞ்சிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பாஸ்டர் ஜெபர்சன் வந்து ஜெபதாஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் இன்னும் சிவந்திருந்தன.

“சார், இப்படி ஒரு பெரிய வெள்ளிய நான் பார்த்ததில்ல.”

“ஜோஸ்லின் பேசவேண்டியது பாஸ்டர். அவ வுட்டுக் குடுத்துட்டா.”

“அக்காவா? அக்கா பேரு லிஸ்ட்லயே இல்லயே சார். ஆரம்பத்துலேர்ந்தே உங்க பேர்தான்.” பாஸ்டர் கைகளை விடவில்லை. “அப்பறம், வாலிபர் வகுப்பு எடுக்க ஒத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி.”

“வாலிபர் வகுப்பா? நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?”

“இன்னும் ஒத்துக்கல சார். ஜூன் ஆறாந்தேதி நீங்களே வந்து கேப்பீங்கன்னு அக்கா சொல்லிட்டாங்க. போன தடவையும் அவங்க சொன்ன அன்னிக்குத்தானே வந்தீங்க.”