மூன்று நாளில் இலங்கையான மிளகு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மணல் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன ‘ர’ எங்கே, பெரிய ‘ற’ எங்கே என்பது இன்றுவரை எனக்கு அனுமானம்தான். பத்திரிகை ஆசிரியர் எழுத்தைத் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம், அது நடந்தது நடந்தபடி.

பொத்துவிலார் இருக்கும்வரை கல்முனையில் ஒரு வெங்காயம்கூடத் தான் பிறந்த நாட்டை மறைத்து வாழ முடியாது. எதைக் கையில் எடுத்தாலும் அவருடைய முதல் கேள்வி, “இது எங்க பொறந்த?” கல்யாண வீட்டில் பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சோற்றுச் சஹனைச் சுற்றி உட்கார்ந்தால், அவர் ஒரு பருக்கையை வெளிச்சத்துக்குத் தூக்கி, “அரிசி சம்மாந்துறைதானா?” என்று விசாரிப்பார். விசாரணை முடிவதற்குள் மற்றவர்கள் இறைச்சியை முடித்திருப்பார்கள்.

ஒருநாள் தேநீர்க் கடையில் வடையைப் பிய்த்து, “பருப்பு எந்த நாடு?” என்றார்.

“பருப்பு அவுஸ்திரேலியா, எண்ணெய் மலேசியா” என்றார் கடைக்காரர். “இப்ப எனக்கு வாற கோபம் மட்டும் நம்மட கல்முனை. திண்டுபோட்டு எழும்புங்க காக்கா!”

அவருக்குச் சொந்தப் பெயர் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வெளியூர் மாப்பிள்ளையை அவருடைய ஊரைச் சொல்லியே கூப்பிடுவோம். இவர் வந்து முப்பது வருடமாகிறது, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார். இன்னும் பொத்துவிலார்தான், நேரில் கூப்பிட்டால் காக்கா, அதாவது அண்ணன்.

மாவடிப்பள்ளிப் பக்கம் மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையை வெளிநாட்டுக் கம்பனி ஒன்று வாடகைக்கு எடுத்தது. பல நாடுகளில் கால் பதித்த கம்பனி. மிளகு ஏற்றுமதி. எங்களில் நாற்பது பேருக்கு வேலை கிடைத்தது, பாதிக்கு மேல் பெண்கள். நான் சாக்கு வாய் தைக்கும் மெஷினில். பொத்துவிலார் ஸ்டோர் கீப்பர். உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, அவரை ஸ்டோருக்குப் போட்டது கம்பனி செய்த முதல் பிழை.

முதல் சில மாதங்கள் மாத்தளைப் பக்கத்து மிளகு வந்தது. காய வைத்தோம், புடைத்தோம், தரம் பிரித்தோம். பிறகு ஒருநாள் துறைமுகத்திலிருந்து நேரே கொள்கலன் வந்து நின்றது. சாக்குகளில் யாருக்கும் விளங்காத எழுத்து. உள்ளே மிளகு ஏற்கெனவே காய்ந்து, புடைத்து, மணி மணியாக இருந்தது. எங்களுக்குச் சொன்ன வேலை ஒன்றே ஒன்று: சாக்கை மாற்று. புதுச் சாக்கில் ‘இலங்கை மிளகு’ என்று அச்சடித்திருந்தார்கள்.

பொத்துவிலார் மெனேஜரிடம் போனார். கொழும்பிலிருந்து வந்த இளம்பிள்ளை அந்த மெனேஜர், விளக்கம் சொல்வதில் ஆசையுள்ளவர். சுவரில் வெண்கட்டியால் மூன்று வட்டம் போட்டார்.

“காக்கா, இந்த நாட்டில எங்கட தோட்டம். இந்தப் பெரிய நாட்டில எங்கட வாடிக்கைக்காரன். நேரா அனுப்பினா வரி கழுத்தை நெரிக்கும். ஆனா இலங்கைக்கும் பெரிய நாட்டுக்கும் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் இருக்கு. இங்க இருந்து போனா வரி கொஞ்சம்தான். அதுக்குத்தான் கம்பனி இங்க வந்தது.”

“அப்ப எங்கட கைவேலையைக் கண்டு வரல்லயா?”

“கைவேலையும்தான்... ஆனா எந்த நாடு எந்த நாட்டோட கையெழுத்து வெச்சிருக்கு எண்டு பார்த்துத்தான் கம்பனி கடை விரிக்கும். இண்டைக்கு மிளகு. நாளைக்கு ஏலம் எண்டாலும் இதே கணக்குத்தான்.”

“சாக்கு மாத்தினாப் போதும் எண்டா அந்த ஒப்பந்தத்தில எழுதிரிக்கி?”

மெனேஜர் வட்டங்களை உள்ளங்கையால் அழித்தார். “இங்க வேலை செஞ்சு பெறுமதியைக் கூட்டியிருக்க வேணும். அதைப் பேப்பர்ல காட்டிக்குவம்.”

அன்று பகல் சாப்பாட்டு நேரம் முழுவதும் பொத்துவிலார் சோற்றைத் தொடவில்லை. “ஊரெண்டு நினைச்சு வந்திரிக்கான் எண்டு பார்த்தன். குறுக்கு ஒழுங்கையெண்டு நினைச்சு வந்திரிக்கான்! வந்தவன் ஒரு பக்கத்தால பூந்து மறுபக்கத்தால போறான். ஒழுங்கையைக் கூட்டுறது நாமளா?”

“காக்கா, உங்கட வாய்க்கு ஒரு பூட்டுப் போடுங்க” என்றார் மிளகு புடைக்கும், எங்களுக்கெல்லாம் அக்கா முறையான ரஸீனா ராத்தா. “மகளுக்குக் கட்டுற ஊடு அரைச்சுவர்ல நிக்கிது. சுவர் எழும்பினாத்தான் மாப்பிள்ளை வருவான். ஒழுங்கையோ தெருவோ, எனக்கு வேலை வேணும்.”

அவர் வாயை மூடினார். ரஸீனா ராத்தாவின் அரைச்சுவர் ஒன்றுதான் அவர் வாயை மூடவைத்தது.

பிறகு அந்தப் பெரிய நாட்டு அதிகாரி ஒருவர் நேரில் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. மிளகை முற்றத்தில் காய வைக்கச் சொன்னார் மெனேஜர். காய்ந்த மிளகை எப்படிக் காய வைப்பது? ரஸீனா ராத்தா வழி கண்டார். வாளியில் தண்ணீர் அள்ளித் தெளித்தார். “மாத்தளை மிளகு, இங்க காய வைக்கிறம்” என்று நாற்பது பேரும் இரண்டு நாள் பாடமாக்கினோம்.

அதிகாரி தமிழ் தெரிந்தவர். முதலில் என்னிடம்தான் வந்தார். “இந்த மிளகு எங்கிருந்து வந்தது?”

“மெஷினுக்கு எண்ணெய் விட வேணும் சேர்” என்றேன். கூச்சம் எனக்குச் செய்த ஒரே உதவி அது.

அடுத்து பொத்துவிலார். அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை, ரஸீனா ராத்தாவைப் பார்த்தார்.

“ஐயா, நான் இந்த ஊருக்கு மாப்பிள்ளையா வந்தவன். முப்பது வருஷம் இந்தத் தண்ணி குடிச்சன், ரெண்டு பொம்புளைப் புள்ளைக்கு இந்த மண்ணில ஊடு கட்டிக் குடுத்தன். இவங்கள்ட்டயே கேளுங்க, நான் எந்த ஊர்?”

யாரும் யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது. மற்ற முப்பத்தொன்பது பேரும் ஒரே குரலில் சொன்னோம்: “பொத்துவில்!”

“இந்த மிளகு வந்து மூணு நாள் ஐயா. நீங்க படிச்சவர். மிச்சத்தை நீங்களே சொல்லுங்க.”

அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஊரில் ஒருவரும் அவர் பக்கம் நிற்கவில்லை. பள்ளிவாசல் வாசலில் அவரைக் கண்டால் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்கள். நான் தெருவையே மாற்றினேன். அவர் ஸலாம் சொன்ன ஒரு தடவை, காதில் விழாதவன்போல் நடந்தேன்.

சில வாரம் கழித்து மெனேஜர் எல்லோரையும் கூட்டி, ஆலையை மூடப்போவதாகச் சொன்னார்.

“அந்தப் பொத்துவிலாராலதான்!” என்று ரஸீனா ராத்தா கத்தினார்.

“இல்ல ராத்தா” என்றார் மெனேஜர், தரையைப் பார்த்தபடி. “அந்த விசாரணைக்கு மேலிடம் எப்பவோ பதில் எழுதி முடிச்சிட்டு. இப்ப தோட்டம் இருக்கிற நாடும் பெரிய நாடும் தங்களுக்குள்ள புது ஒப்பந்தம் செஞ்சிருக்கு. மிளகு நேரா போகலாம். நடுவில இறங்கத் தேவையில்ல.”

நான் கோபக்காரன் இல்லை. ஆனால் அந்த நிமிடம் தையல் ஊசியை உடைக்கலாம்போல் இருந்தது. எங்கோ ஒரு குளிர் அறையில் சிலர் கையெழுத்து வைக்கிறார்கள், இங்கே ஒரு சுவர் அரையில் நிற்கிறது. அந்த அறையில் ஒருவருக்காவது எங்கள் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியுமா? நாங்கள் பொய் சொன்னாலும் போவார்கள், உண்மை சொன்னாலும் போவார்கள். போவது எங்களால் அல்ல என்பதால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவும் தேவையில்லை. இவர்களுக்காக நாங்கள் ஒரு மனிதனின் ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் விட்டோம்.

மெஷின்களை ஏற்ற லொறி வந்த காலையில், ஆலை கேட்டின் நட்டநடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் பொத்துவிலார். கையில் பாலில்லாத வெறுந்தேத்தண்ணி.

“இவங்க முப்பத்தொன்பது பேருக்கும் வேலை செஞ்ச கடிதம் தா. பொறகு லொறி போகட்டும். கடிதமில்லாட்டி இந்தப் பொண்டுகளை ஆடைத் தொழிற்சாலையில எடுக்கமாட்டான்.”

“நீங்க இப்ப எங்கட ஆளே இல்ல” என்றார் மெனேஜர்.

“ஓம். அதாலதான் எனக்குப் பயமில்ல.”

லொறிச் சாரதி இரண்டு தடவை ஹோர்ன் அடித்தார். பொத்துவிலார் அவருக்கும் ஒரு தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் ஹோர்ன் அடிக்கவில்லை. மெனேஜர் லொறி மூக்கின் மேல் கடதாசியை வைத்து எழுதத் தொடங்கினார்.

“என்ன வேலை எண்டு போட?”

“முதல் மாசங்கள்ல செஞ்ச வேலையைப் போடு. காய வெச்ச, புடைச்ச, தரம் பிரிச்ச. அது பொய்யில்லதானே.”

“உங்களுக்கு?”

“எனக்கு வேணாம். என்னை நீ நிப்பாட்டினது உண்மை. அதை என்னெண்டு மாத்தி எழுதுற?”

லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது முப்பத்தொன்பது கடிதம் முடிந்திருந்தது. ஒவ்வொன்றையும் அவரே கையில் கொடுத்தார். ரஸீனா ராத்தா அந்தக் கடிதத்தோடு போய் மறுவாரமே வேலையில் சேர்ந்தார். மகளின் வீடு இப்போது கூரை மட்டத்தில் நிற்கிறது.

என்னுடைய கடிதத்தையும் அவர்தான் தந்தார். நான் நிலத்தைப் பார்த்தபடி வாங்கினேன். அன்று சொல்லாமல் விட்ட பதிலை நேரில் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. அவர் இந்தப் பத்திரிகையை எழுத்து விடாமல் வாசிப்பவர். அதனால் இங்கே எழுதுகிறேன்.

காக்கா, வஅலைக்கும் ஸலாம்.

துல்கஃதா பிறை ஒன்பது, வெள்ளிக்கிழமை.